படுக்கைத் துணிகளைப் பூசணம் பூக்காமல் வைத்திருப்பது எப்படி? இரண்டு மழை காணும் குமரி வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பெட்ஷீட்டை மடித்து அடுக்குவது பெரிய வித்தை இல்லை. ஆனியில் உள்ளே வைத்ததை ஆவணியில் எடுக்கும்போது மக்கிய வாடை இல்லாமல், கரும்புள்ளி இல்லாமல் எடுப்பதுதான் வித்தை. பீரோவை அழகாக அடுக்கச் சொல்லித் தரும் வீடியோக்கள் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லாத ஊர்க்காரர்களுக்கானவை. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பை என்று இடத்தை மிச்சப்படுத்தும் வழிகளாகவே சொல்வார்கள். நமக்கு இடம் இரண்டாவது கவலை. முதல் கவலை ஈரம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்த கையோடு டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. அதற்குள்ளேயும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்றில் துணி சட்டென்று காய்ந்துவிடும், கூடவே தூசியும் ஒட்டிக்கொள்ளும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் மர நிழலில் வெயில் முற்றத்துக்கு வருவதே அபூர்வம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று. உங்கள் வீடு இந்த மூன்றில் எந்த வகை என்று தெரிந்துகொண்டு கீழே உள்ளதைப் படித்தால் எதை அழுத்திச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று புரியும்.

எப்போது தொடங்குவது?

மாசி, பங்குனி. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை கிடைக்கும் வெயில்தான் இந்த வேலைக்கு ஏற்றது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவசர அவசரமாகப் பீரோவைக் கவிழ்ப்பவர்கள் நிறையப் பேர். டிசம்பர் முதல் வாரத்தில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா முடிவதற்குள் விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் அந்த அவசரம். ஆனால் அப்போது வெயிலை நம்ப முடியாது. அந்தச் சமயத்தில் பயன்படுத்தப்போகிற துணிகளை மட்டும் எடுத்துத் துவைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பீரோவையும் காலி செய்யும் வேலை பொங்கலுக்கு அப்புறம் இருக்கட்டும்.

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள்

எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டிலில் குவியுங்கள். பீரோவில் இருப்பதை மட்டும் அல்ல. கட்டிலுக்கு அடியில், லாஃப்டில், டிரங்குப் பெட்டியில், பழைய வீடாக இருந்தால் மச்சிலும் பத்தாயத்திலும் இருப்பதையும் சேர்த்து. கல்யாணத்துக்கும் பால்காய்ச்சுக்கும் பரிசாக வந்து, அட்டைப்பெட்டி பிரிக்காமலே இருக்கும் விரிப்புகள்தான் குவியலில் பாதி இருக்கும்.

ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்பு போதும் என்பது பொதுவான கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். நம் ஊருக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனி ஆடியில் துவைத்தது காய இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதுதான் அந்த நான்காவதின் நியாயம். தலையணைக்கு நான்கு உறை. ஆளுக்கு இரண்டு போர்வை. விருந்தாளிகளுக்கென்று இரண்டு முழு செட். துவர்த்து, அதாவது துண்டு, ஆளுக்கு மூன்று. இதற்கு மேல் இருப்பதெல்லாம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, காற்று போகிற இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். நெருக்கிச் சொருகிய அலமாரியில்தான் முதலில் பூசணம் வரும்.

பிரிக்காத பரிசு விரிப்புகளை இன்றே பிரித்துவிடுங்கள். அந்தப் பளபள பிளாஸ்டிக் உறையும் உள்ளே இருக்கும் அட்டையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, புதுத் துணிக்கு மில்லில் மொடமொடப்புக்காக ஏற்றிய கஞ்சியும் அதில் இருக்கும். நல்லதாகப் பார்த்துப் பயன்பாட்டுக்கு எடுங்கள், மீதியை யாருக்காவது கொடுங்கள். 'மகள் கல்யாணத்துக்கு இருக்கட்டும்' என்று வைத்ததில் எத்தனை மடிப்போடு மஞ்சள் கோடு விழுந்து கிடக்கிறது என்று பார்த்தாலே கொடுக்க மனசு வரும்.

நைந்துபோன பருத்தி விரிப்பைத் தூக்கி எறிய வேண்டாம். மற்ற துணிகளைப் பொதிந்து வைக்க அதைவிட நல்லது கிடையாது. பழைய மல் வேட்டியும் அப்படித்தான். அதில் கஞ்சியும் நீலமும் போகும்வரை இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்து, இதற்கென்று எடுத்து வையுங்கள்.

உள்ளே போகிற துணி எப்படித் துவைத்திருக்க வேண்டும்?

தினமும் விரிக்கிற துணிக்கும் மாதக்கணக்கில் உள்ளே இருக்கப்போகிற துணிக்கும் துவைப்பதில் வித்தியாசம் உண்டு. பார்வைக்குச் சுத்தமாகத் தெரிகிற விரிப்பிலும் வியர்வையும் தலை எண்ணெயும் இருக்கும். அது உள்ளே இருந்து காற்றோடு சேர்ந்து மெதுவாக மஞ்சளாகும், பூஞ்சைக்கும் அதுதான் தீனி. தேங்காய் எண்ணெய் தேய்க்கும் தலைகள் உள்ள வீட்டில் தலையணை உறையைத் தனியாக, சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் துவைக்க வேண்டும். நிறம் போகாத பருத்தி என்றால் 60 டிகிரி வெந்நீர் நல்லது. படுக்கையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். தும்மலும் இழுப்பும் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தவறவிட வேண்டாம்.

சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் கூடுதல் சுத்தம் வராது. அலசலில் போகாமல் தங்கும் சோப்பு துணியைப் பிசுபிசுப்பாக்கும். கடைசியாக ஒரு தடவை நல்ல தண்ணீரில் தனியாக அலசுங்கள். கடலோர வீடுகளில் இது இரட்டிப்பு முக்கியம். கொடியில் கிடக்கும்போதே துணியில் உப்பு படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள், மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விடுவது அதனால்தான். கடற்காற்றில் நாள் முழுக்கத் தொங்கிய விரிப்பு காய்ந்தாலும் தொட்டால் சில்லென்று இருப்பதும் அதனால்தான். முடிந்தவரை கடல் பார்த்த பக்கம் விட்டு, வீட்டின் மறைவில் கொடி கட்டுங்கள்.

கஞ்சி மட்டும் வேண்டவே வேண்டாம். எடுத்து விரிக்கும் நாளில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். கஞ்சி போட்டு உள்ளே வைத்த பருத்தித் துணி இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. இராமபாணப் பூச்சி தின்பதே மாவுச்சத்தைத்தான். துணியின் மேல்பரப்பை மட்டும் சுரண்டியதுபோல் ஒழுங்கில்லாத ஓட்டைகள் தெரிந்தால் அதன் வேலை.

காய்ந்ததா, இல்லையா?

மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தாலும் இதை மட்டும் சரியாகச் செய்தால் பாதிக்கு மேல் தொல்லை தீரும்.

பருத்தி தண்ணீரை விடாது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் ஒரு சாதாரண நாளில், காய்ந்தது என்று நாம் எடுத்து மடிக்கும் பருத்தித் துணியின் எடையில் சுமார் 8 சதவீதம் தண்ணீர்தான். பாலியெஸ்டரில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. காற்றின் ஈரம் ஏற ஏறப் பருத்தியின் ஈரமும் ஏறும். 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அது போதும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பாருங்கள். எந்தத் தட்டு மோசம் என்று அது சொல்லிவிடும்.

காய்ந்ததைச் சோதிக்கத் துணியின் நடுவைத் தொடாதீர்கள். நடு எப்போதோ காய்ந்திருக்கும். மடித்துத் தைத்த ஓரத்தைப் பிடியுங்கள், அதிலும் இரண்டு ஓரம் சேரும் மூலையை. அங்கே துணி நான்கைந்து மடிப்பாக இருக்கும். அதை மேலுதட்டில் வையுங்கள். விரலுக்குத் தெரியாத குளிர்ச்சி உதட்டுக்குத் தெரியும். துளி குளிர்ச்சி இருந்தாலும் இன்னும் அரை மணி நேரம் கொடியில் கிடக்கட்டும். தலையணை உறை என்றால் உள்ளே கைவிட்டு மூலையை வெளியே தள்ளிப் பாருங்கள். எலாஸ்டிக் வைத்த விரிப்பில் எலாஸ்டிக் ஓடும் பட்டிதான் கடைசியாகக் காயும். பூசணம் தொடங்கும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

வெயில் நாளிலும் மாலை நான்கு மணிக்கு மேல் துணியை வெளியே விடாதீர்கள். பொழுது சாயச் சாயக் காற்றின் ஈரம் ஏறும், துணி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். எடுத்த சூட்டோடு மடித்து உள்ளே வைக்கவும் கூடாது. சூடான துணியிலிருந்து வரும் ஆவி மூடிய பீரோவுக்குள் போய்க் குளிர்ந்த இரும்பில் வியர்க்கும். கட்டிலில் விரித்துப் போட்டு, ஃபேனை ஓடவிட்டு, ஆறியபின் மடியுங்கள். இஸ்திரி போட்டதும் இப்படித்தான். இஸ்திரி கடைசி ஈரத்தை நன்றாகவே விரட்டும், ஆனால் ஆறவிடுவது அதைவிட முக்கியம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது? மாதக்கணக்கில் வைக்கப்போகிற எதையும் அப்போது துவைக்காமல் இருப்பதுதான் முதல் வழி. அன்றாடத் துணியை வாஷிங் மெஷினில் இரண்டாவது முறையும் பிழியவிடுங்கள். விரிப்பை ஒரே கொடியில் இரட்டையாகத் தொங்கவிடாமல், ஒரு முழ இடைவெளியில் இரண்டு கொடி கட்டி, இரண்டின் மேலும் பந்தல்போல் போடுங்கள். உள்ளே காற்று ஓடும். கீழே ஒரு டேபிள் ஃபேன். படுக்கையறையில் காயப்போட வேண்டாம், அந்தத் தண்ணீர் எல்லாம் மெத்தைக்கும் சுவருக்கும்தான் போகும். மேற்குப் பக்கத்தில் ரப்பர் வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: ரப்பர் ஷீட் காயும் கொடிக்கும் பெட்ஷீட் கொடிக்கும் நடுவில் வீடு இருக்கட்டும். ஒட்டுப்பால் வாடை பருத்தியில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் அசையாது.

மடிப்பதும் செட் கட்டுவதும்

விரிப்பு, அதன் தலையணை உறைகள், எல்லாம் ஒரே செட்டாக இருந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு விருந்தாளி வந்தாலும் பீரோவைக் கலைக்க வேண்டியதில்லை. விரிப்பையும் ஒரு உறையையும் மடித்து, அதே செட்டின் இன்னொரு தலையணை உறைக்குள் வையுங்கள். துணியாலான பை என்பதால் காற்று போகும். ரொம்பத் திணிக்காதீர்கள்.

சிங்கிள் விரிப்பு பொதுவாக 60க்கு 90 இஞ்ச், டபுள் 90க்கு 100 இஞ்ச், கிங் 108க்கு 108 இஞ்ச். மடித்தபின் எது எது என்று தெரியாமல் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதுதான் அடுக்கின் சாபம். ஓரத்தில் நிறநூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள்: சிங்கிளுக்கு ஒன்று, டபுளுக்கு இரண்டு, கிங்குக்கு மூன்று. பேனாவால் எழுதுவதைவிட இது பல வருடம் நிற்கும்.

எலாஸ்டிக் விரிப்பை மடிக்கத் தெரியாமல் சுருட்டிச் சொருகுகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். விரிப்பை உள்புறம் வெளியே தெரியும்படி பிடித்து, நீளப் பக்கத்தின் இரண்டு மூலைகளுக்குள் ஒவ்வொரு கையையும் விடுங்கள். வலது கையில் உள்ள மூலையை இடது கையின் மேல் கவிழ்த்தால் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்துவிடும். தொங்கிக்கொண்டிருக்கும் மூன்றாவது மூலையை எடுத்து அதன் மேல் கவிழுங்கள், அப்புறம் நான்காவது. இப்போது நான்கு மூலையும் ஒரே கையில். கட்டிலில் கிடத்தி, எலாஸ்டிக் சுருக்கத்தை உள்ளே தள்ளி ஓரங்களை நேராக்கினால் ஒரு நீள்சதுரம் கிடைக்கும். அதை மூன்றாக, பிறகு மறுபடி மூன்றாக மடித்துவிடலாம். முதல் இரண்டு முறை கோபம் வரும். அப்புறம் கை பழகிவிடும்.

ரொம்ப நாள் இருக்கப்போகிற துணியை வருடத்துக்கு ஒரு முறையாவது மடிப்பு மாற்றி மடியுங்கள். பழுப்புக்கோடு விழுவதும் நூல் அறுவதும் மடிப்பு முனையில்தான்.

எங்கே வைப்பது?

இரும்புப் பீரோவில் தொடங்குவோம், பெரும்பாலான வீடுகளில் அதுதான். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். தென்மேற்கு மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் குளியலறைக்குப் பொதுவான சுவரிலும் சேர்த்து வைக்காதீர்கள். அடியில் கால் இல்லாவிட்டால் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். உள்ளே பெயின்ட் உரிந்த இடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், தட்டின் ஓரங்களை முக்கியமாக. உரிந்த இடத்தில் துரு வரும், துருவிலிருந்து துணிக்குக் கறை வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசி, வாடை போனபின் அடுக்குங்கள். துருக்கறை பட்ட வெள்ளைத் துணிக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசலாம். பிளீச் போட்டால் கறை இன்னும் ஊன்றிவிடும்.

தட்டில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கத்தை விடச் சொல்வேன். மை வெள்ளைத் துணியில் ஏறும், காகிதம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இராமபாணப் பூச்சிக்கு அதுவும் சாப்பாடு. முன்பு எடுத்து வைத்த பழைய வேட்டியைத்தான் விரிக்க வேண்டும். அயனி, பலா, தேக்கு என்று மர அலமாரி வைத்திருந்தாலும் இதையே செய்யுங்கள். மரத்தின் சாயம் துணியில் இறங்காமல் இருக்கும். பழைய ஓட்டு வீடுகளின் மர அலமாரிகள் நம் காற்றுக்கு ஒத்துப்போகிறவை. இப்போது வரும் மரத்தூள் பலகை அலமாரிகள் அப்படி இல்லை, ஈரம் பட்டால் ஊதிவிடும். அதற்குள் வைப்பதாக இருந்தால் முதுகுப் பலகையில் தச்சரிடம் சொல்லி நாலைந்து துளை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு அடுக்கு ஒரு சாண் உயரத்தைத் தாண்ட வேண்டாம். அடுக்குகளுக்கு நடுவில் நான்கு விரல் இடம். கனமானது கீழே. துவைத்து வந்ததை அடியில் வைத்து மேலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் மேலே உள்ள இரண்டே விரிப்பு தேய்ந்துகொண்டிருக்கும், அடியில் உள்ளது மக்கிக்கொண்டிருக்கும்.

பீரோவுக்குக் காற்று காட்ட வேண்டும் என்று தெரிந்தவர்களும் நேரம் தவறச் செய்வார்கள். மழை பெய்யும்போது கதவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றை உள்ளே அழைக்கிறீர்கள். வெயில் உள்ள நாளில், பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் திறந்து, எதிரே ஃபேன் வையுங்கள். மழை நாளில் இறுக்கிச் சாத்தியே வைத்திருங்கள்.

கட்டில் பெட்டி, அதாவது மெத்தைக்கு அடியில் வரும் பெட்டி, நம் ஊருக்குப் பொருந்தாத கண்டுபிடிப்பு. தரை ஈரம் கீழிருந்து, தூங்குகிறவரின் வியர்வை மேலிருந்து, நடுவில் காற்றே கிடையாது. இருக்கிற கட்டிலை மாற்ற முடியாது, சரி. பருத்தியை மட்டும் அங்கே வைக்காதீர்கள். செயற்கை நூல் போர்வைகளைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம். கான்கிரீட் லாஃப்டும் கிட்டத்தட்ட இதே கதைதான்: வெயிலில் சூடாகும், மழையில் மேல்தளம் கசிந்தால் உங்களுக்குத் தெரியாமலே அட்டைப்பெட்டி ஊறும்.

பிளாஸ்டிக் பெட்டி வேண்டுமென்றால் முழுக்கக் காய்ந்த துணியை, மாசி வெயிலில் எடுத்த கையோடு மட்டும் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் அந்த ஈரம் வெளியேற வழியே இல்லை. உள்ளே சிலிக்கா ஜெல் போடலாம். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். கடையில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடுதான் இருக்கும். ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகச் சேர்க்கும். வேலை செய்யும், ஆனால் சாய்ந்து கொட்டினால் துணிக்கும் இரும்புக்கும் கேடு. ஆகவே அடித்தட்டில் ஓரமாக, கை படாத இடத்தில் வைத்து, நிறைந்ததும் கொட்டிவிடுங்கள். சிரட்டைக்கரியைத் துணியில் கட்டி வைப்பது வாடையைக் குறைக்கும். ஈரத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

பூச்சி

அந்துருண்டையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாப்தலின் ஆவி பூச்சியை விரட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி ஏறிய துணி சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் இரத்தசோகையையும் மஞ்சள் காமாலையையும் கொண்டுவரக்கூடும். பிரசவத்துக்கு மகள் வரப்போகிறாள் என்று எடுத்து வைக்கும் துணி, தொட்டில் துணி, குழந்தைப் போர்வை எதிலும் அது வேண்டவே வேண்டாம். கற்பூர உருண்டையும் பிள்ளைகள் வாயில் போட்டால் வலிப்புவரை கொண்டுபோகும். பார்த்து வையுங்கள்.

நொச்சி, வேப்பிலை, வசம்பு, வெட்டிவேர் என்று வீட்டு மருந்துகள் இருக்கின்றன. மாறாமலை, கரும்பாறை மலைப்பக்கங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதில் ஒரு பிடி துணியில் கட்டிப் பீரோவில் தொங்கவிட்டால் வாசனைக்கு வாசனை. துணிமேல் நேராகப் போட்டால் எண்ணெய்க்கறை விழும். இலைகளை நொறுங்கும் அளவுக்குக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும், அரைக்காய்ச்சலில் வைத்த வேப்பிலை ஈரத்தைத்தான் கூட்டும். இவையெல்லாம் பூச்சியை அண்டவிடாமல் கொஞ்சம் தடுக்கும், ஏற்கெனவே குடியேறியதைக் கொல்லாது. எண்ணெய்ப் பிசுக்கும் கஞ்சியும் இல்லாத, காய்ந்த துணிதான் பெரிய தடுப்பு. ரயிலில், விடுதியில் தங்கி வந்த போர்வைகளை மட்டும் நேராகப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் வெளியிலிருந்தே வெந்நீருக்கு அனுப்புங்கள். மூட்டைப்பூச்சி ஒரு முறை உள்ளே வந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் உதவாது.

மெத்தை, கம்பளி, பாய், பூவேலைத் துணி

இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தண்ணீரில் நனையக்கூடாது. அந்த நாரின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு, உள்ளே வெற்றிடம். அதனால்தான் அவ்வளவு லேசு. வெயிலில் போட்டுக் கம்பால் தட்டினால் மறுபடி உப்பிக்கொள்ளும். 'மக்களே, வெயிலு கண்டா மெத்தைய எடுத்து வெளிய போடு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இந்த மெத்தைக்குத்தான். அதே சொல்லைக் கேட்டு ஃபோம் மெத்தையையும் லேடெக்ஸ் மெத்தையையும் உச்சிவெயிலில் போட்டுவிடாதீர்கள். ரப்பரும் ஃபோமும் வெயிலில் மஞ்சளாகிப் பொடியும். நிழலில் சுவரில் சாய்த்து ஃபேன் காற்று காட்டினால் போதும். ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தென்னை நார் மெத்தைக்குக் காலை இளவெயில் போதும்.

வெளிநாட்டுக் கம்பளி இல்லாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர் பூப்போட்ட சிப் பையோடு கொண்டுவந்தது, பீரோவுக்கு மேலே வருடக்கணக்கில் இருக்கும். நாகர்கோவில் குளிருக்கு அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. செயற்கை நூல் என்பதால் ஈரம் அதிகம் குடிக்காது, பூச்சியும் தின்னாது. தூசிதான் பிரச்சினை. பையைத் திறந்து மாசியில் ஒரு நாள் நிழலில் உதறிப் போட்டு, சிப்பை நாலு விரல் திறந்தே விட்டு மேலே வைத்துவிடலாம். அசல் ஆட்டுக்கம்பளி என்றால் மட்டும் கவனம். அந்துப்பூச்சிப் புழு தின்பது அதைத்தான். துவைக்காமல் வைத்தால் நிச்சயம் வரும்.

கோரைப்பாய், ஓலைப்பாய், தாழம்பாய் எதையும் மடிக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, சுருட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். நேராகத் தரையில் நிறுத்தாமல் அடியில் ஒரு பலகை.

சில வீடுகளில் பாட்டி காலத்து லேஸ் வைத்த தலையணை உறையோ பூவேலை செய்த மேசை விரிப்போ இருக்கும். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் வேலையின் வழி அது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அலமாரி அடுக்கில் வைக்காதீர்கள். கஞ்சியும் நீலமும் முழுக்கப் போகும்படி அலசி, இஸ்திரி போடாமல் தட்டையாகக் காயவைத்து, ஒரு அட்டைக்குழாயின் மேல் வேட்டித் துணி சுற்றி, அதன் மேல் பூவேலை வெளிப்பக்கம் வரும்படி சுருட்டுங்கள். மேலே இன்னொரு சுற்று வேட்டித் துணி. மடிப்பே விழாததால் நூல் அறாது. பின், ஸ்டேப்ளர், ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம், நாடாவால் கட்டுங்கள்.

பூத்துவிட்டால்

வெள்ளையாகப் பொடிபோல் இருந்தால் தப்பித்தீர்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் போட்டு, காய்ந்தபின் பிரஷால் தட்டி, வெந்நீரில் துவைத்தால் போய்விடும். வீட்டுக்குள் உதறாதீர்கள், மற்ற துணிக்கும் விதைத்ததாகும். கரும்புள்ளி இறங்கிவிட்டால் வெள்ளைப் பருத்திக்கு அளவோடு பிளீச். நிறத்துணிக்கு ஆக்ஸிஜன் பிளீச் என்று விற்கும் தூளை வெந்நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிடலாம். பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். இதற்கும் போகாத புள்ளி போகப்போவதில்லை. துணி கிழிசலாகும்வரை போராடாமல் அதைக் கரித்துணிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அந்தத் தட்டையும் துடைத்து, ஒரு பகல் திறந்து காயவிட்டபின்தான் மற்றதை அடுக்க வேண்டும்.

புயலுக்கு ஒரு மூட்டை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது கூரை ஓடு பறந்த வீடுகளில் துணி மொத்தமும் நனைந்தது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, துவைக்கவும் வழியில்லை, ஃபேனில் உலர்த்தவும் வழியில்லை. பிளாஸ்டிக்கைக் குறை சொல்லிக்கொண்டே வந்த நான் இங்கே மட்டும் அதைப் பரிந்துரைப்பேன். இங்கே எதிரி காற்றின் ஈரம் இல்லை, மேலே கொட்டும் தண்ணீர். நன்றாகக் காய்ந்த இரண்டு பருத்தி விரிப்பு, ஆளுக்கு ஒரு மெல்லிய போர்வை, இரண்டு துவர்த்து, ஒரு மாற்று உடை. இதைத் தடிமனான பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கட்டி, இன்னொரு உறையில் போட்டு, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டில் வைத்தால் வெள்ளம், மேல்தட்டில் வைத்தால் ஒழுக்கு. ஜூன் பிறக்கும் முன் கட்டிய மூட்டையை ஆவணி வெயிலில் ஒரு முறை பிரித்துக் காற்று காட்டிவிட்டு ஐப்பசிக்கு முன் திரும்பக் கட்டுங்கள். தை பிறந்ததும் அவிழ்த்து, உள்ளே இருப்பதை அன்றாடப் பயன்பாட்டுக்கு விட்டுவிடலாம்.